நான் தோற்றுக்கொடுத்த ஆட்டம்

மட்டாஞ்சேரியில் கிடார் கற்றுக்கொள்ளும் பையன்களிடம் ஒன்றைக் கவனிக்கலாம். இடது கையின் சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கிக்கொண்டு, மிச்ச இரண்டு விரல்களால் மட்டும் வாசிப்பார்கள். கேட்டால், அது என் மாமாவின் ஸ்டைல் என்பார்கள். போன மாதம் ஒரு சாயாக்கடையில் மீசை முளைக்காத ஒருவன் எனக்கே அதை விளக்கினான். குறைந்த விரல்களால் நிறையச் சொல்வதுதான் மேதைமையாம். தலையாட்டிவிட்டுச் சாயாவைக் குடித்தேன். வேறென்ன செய்ய?

மாமா என்றால் என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்களோடுதான் இருந்தார். சுக்கு வியாபாரம் செய்யும் ராவுத்தர் குடும்பத்தில் ராக் வாசிக்க ஒருவர் எப்படிப் பிறந்தார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. குடோனுக்கு மேல் மாடியில் அவர் கிடாரை அலறவிட்டால், சுக்கில் இருக்கிற வண்டெல்லாம் ஓடிப்போகும், மருந்தடிக்கிற வேலை மிச்சம் என்பார் அத்தா. ஆனால் பெங்களூரிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் ஆட்கள் மாமாவைத் தேடி வந்தார்கள். அவர் வாசித்ததைக் கேட்ட அன்றே தன் கிடாரை விற்றுவிட்டதாக ஒருவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

எனக்கு எட்டு வயதானபோது மாமா ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாடிக்குப் போக வேண்டும். அவர் கண்ணை மூடி இடது கையை நீட்டுவார். ஒரு விரலை நான் தொட, எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எனக்கு ஒரு தேன்மிட்டாய். "இது நமக்குள்ள இருக்கட்டும் மோளே, கீழ யாருகிட்டயும் மிண்டக்கூடாது" என்றார். கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, எந்த விரலைத் தொடுகிறார்கள் என்று தெரிகிறதா என தினமும் பார், தெரியாமல் போனால் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று வைட்டிலாவில் ஒரு டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மிட்டாய் மட்டும்தான்.

முதலில் மாமாவை ஜெயிக்கவே முடியவில்லை. பிறகு சுண்டு விரலில் ஜெயித்தேன். அப்புறம் மோதிர விரலிலும். ஏதோ ஒரு விரலைத் தொடுகிறேன் என்று அவருக்குத் தெரியும், எது என்பதில்தான் தடுமாறுவார். என்ன சிரிப்பு சிரித்திருக்கிறேன்! கன்னத்துக்கு ஒரு மிட்டாயாக அடக்கிக்கொண்டு படியிறங்குவேன்.

ஒரு வாரம் போனதும் மாமா சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? எனக்குப் பாவமாகிவிட்டது. விட்டுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் சுண்டு விரலைத் தொட்டேன். மோதிர விரல் என்றார். சரிதான் மாமா என்றேன். மோதிர விரலைத் தொட்டேன். நடுவிரல் என்றார். அதுவும் சரி என்றேன்.

அப்போது அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. என்னைத் தூக்கிச் சுற்றினார். தினமும் நான் பொய் சொன்னேன், தினமும் அவர் தேறினார். குறித்துவைத்திருந்த ஆபரேஷனை வேண்டாம் என்றுவிட்டு, தோப்பும்படியில் நடக்கவிருந்த கச்சேரிக்கு ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் முன்வரிசையில் இருந்தேன். இரண்டாவது பாட்டில் அவருடைய இரண்டு விரல்கள் கம்பியிலிருந்து நழுவின. மறுபடி வைத்தார், மறுபடி நழுவின. பிறகு அவற்றை மடக்கிக்கொண்டு மிச்சக் கச்சேரியையும் இரண்டு விரலால் வாசித்து முடித்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. யாரோ போனில் பிடித்த அந்த வீடியோவைப் பார்த்துத்தான் இந்தப் பையன்கள் பழகுகிறார்கள். மாமா பிறகு மேடை ஏறவில்லை. ஆபரேஷன் நடந்தது, ஆனால் காலம் கடந்திருந்தது. "பேச்சுக் கேக்காம தன் விரல தானே தொலைச்சான்" என்று அவர் இருந்தவரை அம்மா திட்டினாள். மாமா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவர் மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. என்னாலும் இன்றுவரை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

கச்சேரிக்கு மறுநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மாமா மாடிக்குக் கூப்பிட்டார். கண்ணை மூடிக் கையை நீட்டினார். நான் சுண்டு விரலைப் பிடித்தேன். நடுவிரல் என்றார். சரி என்றேன். நான் கையை எடுப்பதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். நான் பிடித்திருந்த விரலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா, மோளே?"

"நீங்க ஜெயிக்கணும்னுதான் மாமா."

அடிப்பார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் தலையைத் தடவி, நேரமாச்சு, போ என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டும் அடி வாங்காமல் தப்பியதைப் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.