அண்ணன் குரலும் அந்தக் கண்ட்ரோல் பேனலும்

அந்தக் கண்ட்ரோல் பேனலை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு சேரும் சின்ன ஆடியோ பெட்டி. மைக்கையும் ஹெட்போனையும் அதில்தான் சொருக வேண்டும். பெட்டி நல்ல பெட்டி. அதை ஆட்டிவைக்கக் கொடுத்த சாஃப்ட்வேர், அந்தப் பேனல்தான் சனியன். பாலக்கோட்டில் அம்மா வீட்டு உள்ளறையில் அதை வைத்துக்கொண்டு விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைத்தேன். அப்போது எனக்கு ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து வந்திருந்தேன்.

என் அண்ணன் தக்காளி மண்டியில் ஏலம் கூறுகிறவர். அவர் வாயைத் திறந்தால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தால், தாய்மாமன்தான் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று காலையில் அண்ணன் என் அறைக்கு வந்தார். சில நாளாக வாயே திறக்காமல் குரலைச் சேர்த்துவைத்திருந்தார்.

“பாப்பா, பேர இப்பவே சொல்லிப் புடிச்சு வச்சிரலாம். பொண்ணுக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு. நீ வெளிய போயிரு. பொறக்குறதுக்கு முன்ன பெத்தவ காதுல வுழக்கூடாது.”

பேனலைத் திறந்தால், அது தானாகவே அப்டேட் ஆகிக் கிடந்தது. நான் என்ன வெற்றிலை பாக்கு வைத்தா அழைத்தேன்? எல்லாம் இடம் மாறியிருந்தது. லாகின் பண்ணு என்றது, பண்ணினேன். அதை ஒத்துக்கொள், இதை ஒத்துக்கொள் என்றது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒருவழியாக மைக் கோடு பச்சையாகத் துள்ளியது. ஹெட்போனை அண்ணன் தலையில் மாட்டினேன்.

“என் கொரலு எனக்கே நல்லா கேக்குது பாப்பா” என்றார்.

ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய் நின்றேன்.

அண்ணன் வியர்த்து வெளியே வந்தார். உள்ளே திரையில் அலைக்கோடு வரிசையாக ஓடியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. நான் கேட்கக்கூடாதே என்று அம்மாவைக் கேட்கச் சொன்னேன்.

அம்மா முழித்தார். “எவளோ இங்கிலீசுல பேசறாடி. கூட மியூசிக்கு.”

ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டேன். சாஃப்ட்வேர்க்காரன் வரவேற்பு வீடியோ! லூப்பேக் என்று ஒரு வசதி. அந்த எழவை அப்டேட் தானாகவே போட்டு, மைக்கை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தது. நான் வெளியே போனதும் வீடியோவும் தானாக ஓடியிருக்கிறது. அண்ணன் குரல் துளிகூட இல்லை.

“ஏண்ணா, மியூசிக் கேட்டப்பவே கூப்பிட்டிருக்கலாமில்ல?”

“வெளம்பர ஆட்டோல போடுவாங்களே, அது மாதிரி நீதான் பின்னால போட்டுட்டேன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு...”

சொல்லும்போதே குரல் கிழிந்தது. போனில் ரெக்கார்டிங்கைத் தட்டி நீட்டி, இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா என்று கெஞ்சிவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணன் தலையை ஆட்டினார். வெறும் காற்றுதான் வந்ததாம். வாசலில் கார் நின்றது. திரையில் அந்தப் பேனல், எங்களுக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. தூ! மானங்கெட்ட ஜென்மம்.

பெண் குழந்தைதான் பிறந்தாள். பேர் வைக்கும் அன்று அண்ணன் அவள் காதருகே குனிந்தார். உதடு மூன்று முறை அசைந்தது. கழுத்தில் போட்ட துளை வழியே மூச்சு மட்டும் போய் வந்தது.

“என்ன பேருங்க வச்சீங்க?” என்று கேட்டார் என் மாமியார்.

அண்ணன் என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். அதை நான்தான் சொன்னேன், குழந்தையின் காதில், மூன்று முறை. உச்சரிப்பு சுத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு, சோப்புக்கும் நகைக்கடைக்கும் பேசுகிற மாதிரியே வந்தது. அண்ணன் சரி என்று தலையாட்டினார். எனக்கு என் குரலைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது.