டொமினிக் கட்டிய பாட்டுக் கணினி

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரே ஒரு ஓட்டை லோரியோடு தொழில் தொடங்கி, ஒரு லோரிக் கூட்டத்துக்கே முதலாளி ஆனேன். எதை வாங்கினாலும் என் கண் தப்பாது. என் சிநேகிதன் டொமினிக்குக்கு அந்தக் கண் கிடையாது. ஆனால் காது உண்டு. அப்படி ஒரு காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

டொமினிக் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன். ஒருநாள் கேட்டை மூடி என் லோரியை நிறுத்தினான். இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. இப்போது ஓய்வுபெற்று, மனைவி டொரத்தியோடு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கிறான். டொரத்தி சர்ச் பாடற்குழுவின் தலைவி. கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்வது வருஷா வருஷம் டொமினிக்கின் வேலை. அதற்கென்று எட்டு மைக் செருகும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறான். எட்டுக் குரலும் தனித்தனியாகக் கணினிக்குள் போகும். இந்த வருஷம் கணினி செத்துப்போனது. பெட்டியின் வயரோ ஃபயர்வயர் என்ற பழைய வகை. புதுக் கணினிகளில் அதற்கு வாசலே இல்லை.

"நம்ம குழுவுல பாடுதே ஏமி, அது போன்லயே எடுத்துடறேன்னு சொல்லுது," என்றாள் டொரத்தி. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்க வராங்க. ரெண்டுலயும் எடுத்துப் பாப்போம். எது நல்லா இருக்கோ, இனிமே அதான். உங்க பெட்டி வேல செய்யலன்னா பழைய பேப்பர் லோரியில ஏத்திடுவேன்."

டொமினிக் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா சிங்கம்," என்று என்னைக் கூப்பிட்டான். சொந்தமாகக் கணினி கட்டப்போகிறானாம்.

புக்கிட் பிந்தாங்கில் ஒரு கணினிக் கடை. ஜெயராஜ் என்ற பையன் இரண்டு மதர்போர்டுகளை எடுத்து வைத்தான். மதர்போர்டு லோரிக்குச் சேஸி மாதிரி, மற்றதெல்லாம் அதன்மேல்தான் ஏறும். ஒன்று பெரியது, அட்டைகள் செருக மூன்று இடம். மற்றது சின்னது, ஒரே இடம்.

"பெருச எடு," என்றேன். "லோடு எப்பவும் கூடத்தான் செய்யும்."

"இத மூடுற கேஸ் உயரமாயிடும் சிங்கம். வீட்டுல திருஇருதய சாமி படத்துக்குக் கீழ வைக்கணும். படத்த மறைச்சா டொரத்தி என்னையும் சேத்து வெளிய வச்சிடுவா."

சின்னதையே எடுத்தான். இருந்த ஒரே இடம் திரைக்கான அட்டைக்குப் போனது. பழைய வயரைப் பின்பக்கத்து முட்டை வடிவத் துவாரத்தில் மாட்ட, அடாப்டருக்குப் பின்னால் அடாப்டராக மூன்றை வாங்கி ரயில் பெட்டிபோல் கோத்தான். வீட்டில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சத்தம் மட்டும் வரவில்லை.

மறுநாள் மீண்டும் ஜெயராஜிடம் போனோம்.

"அங்கிள், ஓட்டை பாக்க ஒண்ணுதான் லா. இந்த அடாப்டருக்குத் தண்டர்போல்ட்ங்கிற வகை வேணும். இந்த போர்டுல இருக்கிறது வெறும் யுஎஸ்பி."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க அங்கிள் கேட்டீங்க? படத்தப் பத்தியில்ல பேசிட்டிருந்தீங்க."

எனக்கு உடனே விளங்கியது. டிரெய்லரை லோரித் தலையில் கொக்கி போட்டு மாட்டிவிடலாம், பிரேக் குழாய் சேராவிட்டால் வண்டி நகராது. டொமினிக் ரயில்காரன், கொக்கி விழுந்தாலே போதும் என்று நினைத்துவிட்டான். நான் பேசுகிற பேச்சில் பேசி, சின்ன போர்டைத் திருப்பிக் கொடுத்துப் பெரியதையும் அதற்கேற்ற கேஸையும் வாங்கினேன். இன்னோர் இடத்தில் செருக ஒரு ஃபயர்வயர் அட்டையும் வாங்கினோம். அடாப்டர் ரயில் கடையிலேயே நின்றுவிட்டது.

பெரிய கேஸ் படத்தில் பாதியை மறைத்தது. டொமினிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"படுக்க வைடா," என்றேன். "உயரச் சாமான லோரியில எப்படி ஏத்துறது?"

படுக்க வைத்தான். டொரத்தி வந்து நின்று பார்த்தாள். படம் முழுசாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்காலி எண்ணப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் பாடினார்கள். பெட்டியும் எடுத்தது, ஏமியின் போனும் எடுத்தது. முதலில் போனைக் கேட்டோம். மோசமில்லை. ஆனால் மேல்ஸ்தாயியில் ஒரு குரல் வழுக்கிக்கொண்டே போனது. குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டொமினிக் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மைக்காகக் கேட்டான். நாலாவதில் அவன் கை நின்றது.

"யாரு அங்கிள்?" என்றாள் ஏமி.

"தெரியலம்மா. மைக்குதான் கொஞ்சம் சரியில்ல போல."

முப்பது வருஷம் சிக்னல் பார்த்தவன், பச்சைப் பொய் சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டொரத்தி காப்பி கொண்டு வருகிற சாக்கில் அவன் காதருகே குனிந்தாள்.

"நாலாவது என்னோடதுதான், கொஞ்சம் கொறச்சிடுங்க."

அவன் குறைத்தான். மறுபடி போட்டபோது பாட்டு வெண்ணெய் போல இறங்கியது. ஏமி தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒருத்தர மட்டும் கொறைக்க முடியாதே, ஆன்டி."

"அதனாலதான் சொல்றேன்," என்றாள் டொரத்தி, தலைவிக்கே உரிய குரலில். "பதிவு இனிமே இவருதான். அடுத்த பாட்ட எடுங்க."