வலது கைக்காகக் கண்டமங்கலம் வரை

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய மறுவாரம் இந்தப் பயணம் தொடங்கியது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அல்ல. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், அங்கிருந்து கண்டமங்கலம். இதற்கெல்லாமா ஒரு பயணக் கட்டுரை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தோளிலோ கழுத்திலோ வலியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் வலி வலது தோளில். தை மாதம் லேசாக ஆரம்பித்தது. பங்குனிக்குள் கை மார்புக்கு மேலே எழும்ப மறுத்துவிட்டது. நான் திண்டிவனத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கரும்பலகையின் அடிப்பகுதியில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இடது கையால் எழுதிப் பார்த்தேன். அதன் அழகைப் பார்த்து நானே அழித்துவிட்டேன். வீட்டில் என்னால் தலை பின்னிக்கொள்ள முடியாததால் என் கணவர் பின்னிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அச்சாபீசில் புத்தகக் கட்டு கட்டுகிறவர், என் சடையும் ரயிலில் அனுப்பும் பார்சல் மாதிரியே இருந்தது. போதாதற்கு மூன்று வயதில் இரட்டைப் பையன்கள். ஒருவனை இடது இடுப்பில் ஏற்றினால் மற்றவன் வலது பக்கம் நின்று தெருவே கூடும்படி அலறுவான்.

பள்ளி நிர்வாகி மரியாதையாகத்தான் சொன்னார். ஜூனில் பள்ளி திறக்கும்போது பலகையில் எழுத முடியவில்லை என்றால் வேறு டீச்சரைப் போட வேண்டியிருக்கும் என்றார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் சம்பளம் நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும். ஆஸ்பத்திரி டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எலும்பில் பழுதில்லை, தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது, இளகுவதற்கு ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என்னிடம்தான் ஒரு வருஷம் இல்லை.

விழுப்புரத்தில் இருக்கும் என் அக்காதான் கண்டமங்கலத்துக் கைக்காரம்மாவைப் பற்றிச் சொன்னாள். கையாலேயே வலியைத் தீர்க்கிறவர் என்பதால் அந்தப் பெயராம். சொந்தப் பெயர் தெரேசம்மா. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் கணவரோடு சைகோனுக்குப் போய், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யும் ஒரு பிரெஞ்சு டாக்டருக்குப் பல வருஷம் கூட நின்று பழகிக்கொண்டாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

கண்டமங்கலம் புதுச்சேரிப் பக்கம்தானே, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு நேராகவே பஸ் உண்டே, விழுப்புரத்தை ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். பையன்களை அக்கா வீட்டில் விட வேண்டும், அவ்வளவுதான். காலை பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் முக்கால் ரூபாய்க்குள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, இருபத்து நாலு மைலுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள், கரித்தூள் கண்ணில் விழும். என் பையன்களில் ஒருத்தன் கண்ணில் விழுந்தது. மற்றவன் தனக்கு விழவில்லையே என்று அழுதான்.

அக்கா வீட்டில் பையன்களை இறக்கிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஜட்கா பிடித்தேன். நான் ஏறத் தடுமாறியதைப் பார்த்ததுமே வண்டிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

“கைக்காரம்மா கிட்டயா? ஜல்தி ஏறுங்கம்மா. காலையில பொம்பளைங்க, மத்தியானத்துக்கு மேலதான் ஆம்பளைங்க. லேட்டா போனா பேஜாரு.”

“நல்லா பார்ப்பாங்களா?”

“நான் கழுத்து திரும்பாம போய்க்கினு இருந்தேன். ரெண்டே தடவையில சரி பண்ணாங்க. இந்தக் குதிரைக்கும் காலு நொண்டுது, பாருங்கம்மான்னு இட்டுக்கினு போனேன். அன்னைக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல கேக்குது.”

கோலியனூர், வளவனூர் வழியாகப் பஸ் போகிறது. முன்பெல்லாம் பிரெஞ்சு எல்லையில் நிறுத்தி மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்ப்பார்களாம். இப்போது அந்தத் தொல்லை இல்லாததால் முக்கால் மணியில் கண்டமங்கலம் வந்துவிடுகிறது. ரோட்டில் இறங்கி, கரும்புத் தோட்டத்து ஓரமாகப் பத்து நிமிஷம் நடந்தால் ஓட்டு வீடு. வாசலில் வேப்ப மரம், அதன் கீழே முனகிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள். விலாசமே தேவையில்லை.

கைக்காரம்மா நல்ல நெட்டை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாயில் வெற்றிலை, குரலில் அதட்டல். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. “சைகோன்ல ராணுவத்து ஆபீசருங்களையே இந்த மாதிரி பெஞ்சில படுக்க வெச்சவ நான்” என்றுதான் ஆரம்பித்தார். காய்ச்சலோடு வந்திருந்த ஒரு பெண்ணின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது சூடா வீங்கிக்கினு இருக்குது. நான் தொட மாட்டேன். இப்பவே ஜிப்மருக்குப் போ” என்று கையோடு அனுப்பிவைத்தார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

என் முறை வந்ததும் தோளைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறேன், பிள்ளையை எந்த இடுப்பில் தூக்குகிறேன் என்று கேட்டார். பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்க வைத்து விலா எலும்புகளின் நடுவே விரலை வைத்து, “மூச்ச இழு, வுடு” என்றார். கழுத்தின் அடியில், தோள்பட்டை எலும்பின் விளிம்பில், முதுகுத் தண்டின் ஓரத்தில் என்று அரை மணி நேரம் கை போனது. தோளை மட்டும் தொடவில்லை.

“வலி இங்க தோள்லதான இருக்குதுங்க?” என்றேன், டீச்சர் புத்தி போகாமல்.

“தோளு சும்மா அழுவுதும்மா. அத அடிச்சவன் எங்கியோ ஒளிஞ்சிக்கினு இருக்கான். அவனப் புடிக்காம அழுவுறவன மிரட்டி என்னா பண்றது?”

அக்கா வீட்டிலேயே தங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். முதல் தடவைக்குப் பிறகு இரவு தூக்கம் வந்தது. இரண்டாவதுக்குப் பிறகு மூச்சு நன்றாக இறங்கியது. ஆனால் கை அதே இடத்தில்தான் நின்றது. மூன்றாவது முறை பஸ்ஸில் போகும்போது நிர்வாகியின் முகம்தான் கண்ணில் நின்றது. வீண் செலவு, வீண் அலைச்சல் என்று மனசு வெறுத்துப்போயிருந்தேன்.

அன்று கைக்காரம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நடந்தார். மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையை நகர்த்தப் போய் முதல் நாள் பிடித்துக்கொண்டதாம். தன் முதுகைத் தானே எப்படித் தொடுவது? வழக்கம்போல் என் விலாவில் விரலை வைத்துக்கொண்டே, “எத்தினி புள்ளைங்க?” என்றார்.

“ரெண்டு பையனுங்க. ரெட்டை.”

விரல்கள் நின்றுவிட்டன. “ரெட்டை பெத்தவளா நீ? மூணு நடையா வர்ற, வாயத் தொறந்து சொன்னியா? எழுந்திரு, எழுந்திரு!”

நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்று இங்கே நம்பிக்கை. பிரெஞ்சு டாக்டரிடம் படித்த கைக்கும் அந்த நம்பிக்கை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. “அதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லைங்க” என்றேன்.

“எனக்கு இருக்குதுல்ல? முதுகு என்னுதுதான? கழுத்துலேர்ந்து இடுப்பு வரிக்கும் மூணு தபா நீவு. சோத்துக் கையால.”

வாசலில் இருந்த பெண்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கைக்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். குனிய அவரால் முடியாது. நானோ குட்டை. அவர் பிடரி என் தலைக்கும் மேலே இருந்தது. உள்ளங்கையில் ஒருத்தி நல்லெண்ணெய் ஊற்றினாள். எண்ணெய் வழிந்து முழங்கைக்கு வருகிறது, பின்னால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், வலியில் ஒருவர் காத்து நிற்கிறார். சீக்கிரம் முடித்தால் போதும் என்று கையைத் தூக்கினேன்.

கை போனது. வலித்தது, மூட்டுக்குள் ஏதோ பிய்வது போல் இழுத்தது. ஆனாலும் மார்பைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, அவர் பிடரியில் போய் உட்கார்ந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக என் கண் மட்டத்தில் நான் பார்க்காத என் கையை அங்கே பார்த்தேன். நீவ மறந்து அப்படியே நின்று அழுதுவிட்டேன்.

“அழுவறது அப்பறம் அழுவலாம். நல்லா அழுத்து. பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள அடிக்கறப்பவும் இந்த பலம்தானா?”

மூன்று முறை நீவினேன். அவருக்குப் பிடிப்பு விட்டதா என்று கேட்டேன். மெல்ல நிமிர்ந்து பார்த்து, “பாதி விட்டுச்சு. நாளைக்கு மறுநாள் வந்து மீதிய எடு” என்றார். அன்றிலிருந்து என்னிடம் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் காசு வாங்கக் கூடாதாம். வலுக்கட்டாயமாகக் கொடுத்த வெற்றிலைக் கவுளியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வைகாசி முடியும் வரை போய்வந்தேன். வீட்டில் சுவரில் விரல்களால் ஏறி ஏறிக் கையை உயர்த்தும் பயிற்சியும் கொடுத்திருந்தார். பள்ளி திறந்த அன்று நிர்வாகி வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். பலகையின் உச்சி இன்னும் எட்டவில்லை, ஆனால் முக்கால் பலகை என்னுடையது. பின்வரிசையில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். டாக்டர் சொன்ன காலத்தால் கொஞ்சம் இளகியதோ, அந்த அம்மாவின் விரல்களால் இளகியதோ, பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நன்றியைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி, முறிவோ வேறு நோயோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விழுப்புரத்தில் எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கேப்பைக் கூழ் குடித்துவிட்டுப் போனேன், சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார், பார்க்க மாட்டார். ஒரே நாளில் குணமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிர்த்துப் பேசாதீர்கள், பலனில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். கைக்காரம்மாவுக்கே இடுப்புப் பிடிப்பு எடுத்த டீச்சர் என்று என் பெயர் விழுப்புரம் தாண்டித் திண்டிவனம் வரை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பேராவது காத்திருக்கிறார்கள். நான் நீவினால் சுளுக்குப் போகும் என்று இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை அவர்களிடம் சொல்லியும் விடுகிறேன். ஆனால் தூக்க முடிகிற கையை வைத்துக்கொண்டு, போய் வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.