தண்டபாணியைப் பார்க்க மடுல்சீமைப் பாதையில்

சனிக்கிழமை விடியற்காலையில் பதுளைக் கடைவீதியிலிருந்து புறப்பட்டோம். நான், என் மனைவி சிவகாமி, வண்டிக்காரன் ராமசாமி, அவனுடைய இரண்டு மாடுகள். பசறை பதினொரு மைல். அதற்கப்பால் மடுல்சீமைப் பாதையில் இன்னும் ஆறு மைல் ஏறினால் நாங்கள் போக வேண்டிய தோட்டம். போக வர ஆறு ரூபாய் என்று பேச்சு. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால் எங்கள் பக்கத்தில் இன்னும் மாடு போகிற வேகம்தான் மனிதர் போகிற வேகம். தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே என் பிள்ளையைப் போல இன்னும் நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அப்பா அம்மா இருப்பார்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் நமுனுகுலை மலையைப் பார்க்க வருவார்கள். நாங்கள் போனது எங்கள் மகன் தண்டபாணியைப் பார்க்க. அவனுக்கு இப்போது பதினான்கு வயது. பதினோராம் வயதில் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையின் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி ஒரு கடிகாரத்தை எடுத்தான். அதற்கு முன்பும் ஒரு தடவை இப்படிச் செய்தவன்தான். அப்போது கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் செய்துவிட்டோம். இரண்டாம் தடவை நீதவான் கேட்கவில்லை. ஐந்து வருஷத்துக்குக் கடற்கரைப் பக்கத்துச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். கெட்ட சகவாசத்தால் வந்த வினை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை எங்கள் தெருவில் கெட்ட சகவாசமே அவன்தான்.

அந்தப் பள்ளியில் ஒழுங்காக இருக்கிற பையன்களை, காலம் முடிவதற்கு முன்பே உத்தரவாதத்தின் பேரில் வெளியே வேலைக்கு விடுவதுண்டு. அப்படித்தான் தை மாதம் தண்டபாணியை இந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கொழுந்தை வாட்டி அரைத்துத் தேயிலையாக்குகிற ஸ்டோரில் அவனுக்கு வேலை. பிள்ளை வீட்டுக்குப் பதினேழு மைல் தூரத்தில் வந்துவிட்டான். ஆனால் இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தோட்டத்து எல்லையை அவன் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பவும் கடற்கரைதான்.

வருகிற வைகாசியில் எங்கள் மகள் வள்ளிக்குக் கலியாணம். எங்கள் வழக்கத்தில், அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுகிறவன் அவள் கூடப் பிறந்த தம்பி. தம்பி இல்லாத வீட்டில் வேறு பையனை வைத்துச் செய்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் தம்பி இருக்கிறானே! அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவனை வீட்டுக்கு அனுப்பும்படி தோட்டத்துத் துரையைக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. எங்கள் சம்பந்தி காளிமுத்துப் பிள்ளையின் ஜவுளிக்கடை பசறையில், போகிற பாதையிலேயே இருக்கிறது. சம்பந்தம் பேசியவர் சிவகாமியின் அண்ணன். பையன் கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்று என் மச்சான் வாய் கூசாமல் சொல்லிவைத்துவிட்டார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

பதுளையை விட்டதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. தெற்கே ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலைகளில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களின் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. வழியெங்கும் கூடையும் முக்காடுமாகப் பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக இருந்தது. பார்க்க அழகான ஊர்தான் இது. அழகை ரசிக்கிற மனம் அன்றைக்கு எங்கள் இருவரிடமும் இல்லை.

பத்தரை மணிக்குப் பசறை கண்ணில் பட்டது. சிவகாமி வண்டியின் முன்திரையையும் பின்திரையையும் இறக்கிவிட்டாள். உள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்ததுபோல வெந்தோம்.

"என்னங்க, இந்த வெயில்ல தெரைய எறக்கிகிட்டு?" என்றான் ராமசாமி.

"அம்மாவுக்குத் தலைவலி" என்றேன்.

"பசறைக்குன்னே வர்ற தலைவலி போல இருக்குங்க."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதுளையில் வண்டிக்காரர்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? சம்பந்தி கடையைத் தாண்டும்போது மாடுகளைக் கொஞ்சம் விரட்டிவிட்டான். அதற்காக நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை, கோபம்தான் வந்தது. ஊர் தாண்டி ஒரு கடையில் ஆளுக்குப் பதினைந்து சதத்துக்குச் சோறும் பருப்பும் சாப்பிட்டோம். பருப்பில் உப்பே இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டினோம். மழை தூற ஆரம்பித்திருந்தது. குடையை விரித்தேன். எதிரே குதிரையில் துரை வந்தார். "குடைய மடக்குங்க, மடக்குங்க!" என்று ராமசாமி பதறினான். துரை முன்னால் குடை பிடிப்பது தோட்டத்தில் மரியாதைக் குறைவு. மடக்கிக்கொண்டு நனைந்தேன். கேட்கப் போகிற காரியம் அப்படி.

பெரிய கங்காணி கறுப்பையா வீட்டில் தங்கினோம். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர் அவர். நல்ல மனிதர். சாயங்காலம் ஸ்டோர் வேலை முடிந்ததும் தண்டபாணியை அவரே கூட்டிவந்தார். சிவகாமி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். கடற்கரைப் பள்ளிக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடிந்தது, அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு. சாப்பிட்டாயா என்று கேட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதுபோலக் கேட்டேன்.

அவன் விறாந்தையில் நின்றுகொண்டே இருந்தான்.

"ஒக்காரு தம்பி" என்றார் கங்காணி. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தான். சிவகாமி கொண்டுவந்த புளிச்சோற்றைத் தலை நிமிராமல் வேக வேகமாகச் சாப்பிட்டான். சாப்பிட்டதும் இலையை எடுத்துப் போட்டு, இடத்தைத் துடைத்து, மறுபடியும் போய்ச் சுவரோரமாக நின்றான். என் வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத பிள்ளை இவன். இவ்வளவு அடக்கத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"அக்காவுக்குக் கலியாணம்டா. நீதான் பொரி போடணும். நாளைக்கு அப்பா தொரைகிட்ட பேசப் போறாரு" என்றாள் சிவகாமி.

அவன் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சுருங்கியது.

"மாப்பிள்ள வீட்டுல, நான் எங்க இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க?"

சிவகாமி என் முகத்தைப் பார்த்தாள்.

"படிக்கிறேன்னா?" என்றான். பிறகு மெதுவாக, "அப்படியே இருக்கட்டும்மா" என்றான்.

அவன் கோபித்திருந்தால் நான் திட்டியிருப்பேன், அது எனக்குப் பழக்கமான வேலை. அவன் எங்களுக்காகப் பொய்யைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

ஞாயிறு காலை. முந்திய நாள் கொழுந்து மீதமிருந்ததால் ஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தது. துரை அதைப் பார்க்க வந்தபோது கங்காணி எங்களை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்ச் சொன்னார். துரை என்னை அருகே அழைத்தார். அவருடைய தமிழ் தோட்டத்தில் படித்த தமிழ்.

"பையன் நல்ல பையன். வேலை நல்லா செய்றான். ஆனா எல்லை தாண்டி விட ஏலாது. நான் கையெழுத்து போட்டிருக்கு."

"ஒரே ஒரு நாளுங்க, தொரைகளே. நானே வந்து கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுறேன்."

"உனக்கு விட்டா, நாளைக்கு இன்னொரு அப்பா வருவான். ஏலாது. எல்லை உள்ளே அவன் எங்கேயும் போகலாம். வெளியே இல்லை."

குதிரையில் ஏறிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உத்தரவாதம் கொடுத்தவர் அவர். ஆனாலும் பெற்ற பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போக ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் கெஞ்சி, அதுவும் நடக்காமல் நின்றது எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

"பரவால்லப்பா. சித்தப்பா மவன வச்சுப் பண்ணிக்கங்க" என்றான், ஸ்டோருக்குள்ளிருந்து வந்து பக்கத்தில் நின்ற தண்டபாணி.

சிவகாமி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்டோருக்குக் கீழே, ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில் ஒன்று இருந்தது.

"கங்காணியாரே, அந்தக் கோயில் எல்லைக்கு உள்ளதான இருக்கு?"

"ஆமாங்க. நம்ம தோட்டத்துக் கோயில்தாங்க."

"அங்க கலியாணம் வைக்க விடுவாங்களா?"

கங்காணி சிரித்துவிட்டார். "வருசத்துக்கு பத்து கலியாணம் நடக்குதுங்களே. தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா கடக்காரவங்க நீங்க, எங்க லயத்துக் கோயில்ல..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பதுளையில் பெரிய பந்தல், மேளம் என்று பேசியிருந்தோம். கடைக்காரப் பிள்ளைமார் தோட்டத்துக் கோயிலில் பெண் கொடுத்தார்கள் என்றால் கடைவீதி முழுக்கச் சிரிக்கும். அதைவிடப் பெரிய கஷ்டம், ஏன் அங்கே என்று சம்பந்தி கேட்பார்.

"சொல்லிடுங்க" என்றாள் சிவகாமி.

"வேணாம்ப்பா! அக்கா கலியாணம் நின்னுபோயிடும்" என்றான் பிள்ளை. வந்ததிலிருந்து அப்போதுதான் குரலை உயர்த்திப் பேசினான். பழைய தண்டபாணியின் குரல். அதைக் கேட்டதும்தான் எனக்கு அப்பன் என்கிற தைரியம் வந்தது.

"நீ சும்மா இருடா. பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கு என்ன வேல?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

பதினோரு மணிக்குப் புறப்பட்டோம். எல்லைக் கல் வரை எங்களோடு நடந்து வந்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவன். சிவகாமி வண்டியின் பின்னால் திரும்பி உட்கார்ந்து, வளைவு மறைக்கும்வரை கையை அசைத்துக்கொண்டே இருந்தாள். இறக்கம் என்பதால் மாடுகள் வேகமாகப் போயின. இந்த ஆறு மைலும் இன்னும் ஆறு மைல் நீண்டால் தேவலை என்று இருந்தது. வள்ளியின் நினைப்பும் வந்தது. தம்பிக்காக அவள் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறேனா என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மணிக்குப் பசறை. ராமசாமி கேட்காமலே சம்பந்தி கடை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

காளிமுத்துப் பிள்ளை எழுந்து வந்து வரவேற்றார். நான் உட்காரவில்லை. பையன் இருக்கிற இடத்தையும், கலியாணத்தை அந்தத் தோட்டத்துக் கோயிலில் வைக்க வேண்டும் என்பதையும் நின்றபடியே சொன்னேன்.

"ஒங்க மச்சான் கொழும்புல படிக்கிறான்னாரே?"

"அது பொய்ங்க."

"என்ன செஞ்சான்?"

"திருடினான். ரெண்டு தடவை."

"திருடினத விடுங்க. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அது எனக்குப் புடிக்கல" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, ஒன்றும் விளங்கவில்லை. கடைப்பையன் காப்பி கொண்டுவந்து வைத்தான். தொடவில்லை. வண்டியில் சிவகாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தது அவர் அல்ல, அவர் மனைவி. நான் கும்பிட்டேன்.

"அவரு ரெண்டு நாளைக்கு மூஞ்சிய தூக்கி வச்சிகிட்டுத்தான் இருப்பாரு. வைகாசிக்குள்ள சரியாயிடும். அண்ணிய ஏன் வெயில்ல ஒக்கார வச்சிருக்கீங்க? உள்ள கூப்பிடுங்க" என்றார். சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை எடுத்துப் பலகைமேல் உருட்டிவிட்டார்.

"பொரி போடுற தம்பிக்கு வேட்டி சட்டை நாங்கதான எடுக்கணும்? எம்புட்டு ஒசரம் இருப்பான் பையன்?"

போன வாரம் யாராவது இதைக் கேட்டிருந்தால் நெஞ்சுக்கு நேரே கையை வைத்திருப்பேன். நிமிர்ந்து நின்று, கையை என் காது வரைக்கும் உயர்த்திக் காட்டினேன்.