அம்மா படகில் வந்த நாள்

நீண்ட தூரக் கடல் நீச்சல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத விளையாட்டு. ஒரு தலை, இரண்டு கை, பக்கத்தில் ஒரு படகு, அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் நான் இதில் இறங்கியபோது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் யாருக்கும் இது விளையாட்டாகவே படவில்லை. "கிள்ளான் ஆத்துலயா நீந்துற?" என்று கேட்டார்கள். அந்த ஆற்றில் என்னென்ன மிதந்து போகும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள், "பொண்ணு வெயில்ல கறுத்துப் போச்சே, எவன் கட்டிக்குவான்?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். "அவ பொறந்தப்பவே கறுப்புதான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விடுவார்.

பிற்பாடு நான் பல கடல்களில் நீந்தினேன். பத்திரிகையில் படம் வந்தது. கேட்டவர்களே வந்து கைகுலுக்கினார்கள். அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிய ஆசை இல்லை. எந்தச் சாதனைப் பட்டியலிலும் சேராத ஒரு நீச்சல் இருக்கிறது, அதைத்தான் எழுதத் தோன்றுகிறது.

வார நாட்களில் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. அதற்கு முன்பு விடியற்காலையில் நகராட்சி நீச்சல் குளம். சனி, ஞாயிறு என்றால் ஈயக்குட்டை. ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிரம்பி ஏரி போலக் கிடக்கும். விளையாடப் போன பையன்கள் அதில் மூழ்கியதாக அவ்வப்போது செய்தி வரும். அம்மா அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. பத்துமலை முருகன் கோயிலில் காவடி எடுப்பவர்கள் குளிக்கும் ஆற்றில் முழங்கால் வரை இறங்கியதுதான் அவருடைய கடல் அனுபவம்.

எனக்குக் கிடைத்த கோச் ஒரு சீனர். கறாரான மனிதர், ஆனால் மனசு பஞ்சு. வெளிநாட்டில் ஒரு குளிர்ந்த நீரிணையைக் கடக்கிற பயணத்துக்கு என்னை அனுப்ப அவர் முயன்றுகொண்டிருந்தார். அழைப்பு வேண்டுமானால் முதலில் நம் கடலில் ஒரு முழு நாள் நீந்திக் காட்ட வேண்டும், ஒரு பார்வையாளர் படகில் வந்து அதைச் சரி என்று சொல்ல வேண்டும். போர்ட் டிக்சன் கடற்கரையிலிருந்து தெற்கே கலங்கரை விளக்கு வரை போய், அலை சரியாக இருந்தால் பாதி தூரம் திரும்பி வருவது என்று முடிவாயிற்று. அந்த ஒரு நாளை நம்பித்தான் எல்லாம் இருந்தது.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. தண்ணீரில் இறங்கிய பிறகு கரையேறும்வரை நீச்சல்காரர் படகைத் தொடக் கூடாது. அவரையும் யாரும் தொடக் கூடாது. குடிப்பதற்கு எதுவானாலும் நீளக் கம்பின் முனையில் குவளையைக் கட்டித்தான் நீட்டுவார்கள். விரல் பட்டால் போதும், அன்றைய நீச்சல் செல்லாது.

அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். உப்புக் கஞ்சியைத் தன்னைத் தவிர யாரும் பதமாகக் கலக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கோச் மலாயில் ஒன்றுக்கு இரண்டு முறை எடுத்துச் சொன்னார்: தொடக் கூடாது, ஆன்டி. அம்மா தலையாட்டினார்.

எங்கள் வீட்டில் பரீட்சை, காய்ச்சல், இன்டர்வியூ, கெட்ட கனவு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து விபூதி. தைப்பூசத்தில் பத்துமலையிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் வருஷம் முழுக்கச் சாமி மேடையில் இருக்கும். அதைப் பூசாமல் நான் வாசல் தாண்டியதில்லை. அம்மா பூசும் விதமும் எப்போதும் ஒன்றுதான்: தூள் கண்ணில் விழாமல் இடது உள்ளங்கையால் என் கண்களை மறைத்துக்கொள்வார், வலது கையால் நெற்றியில் இழுப்பார், கடைசியில் மெல்ல ஊதுவார். அன்றைக்குக் கடற்கரையில் அது நடக்கவில்லை. உப்பு அரிக்காமல் இருக்க என் முகம் முழுக்கக் களிம்பு தடவியிருந்தார்கள், கோச் "அலை மாறப் போவுது, லேட் லா" என்று அவசரப்படுத்தினார். அம்மா பிரித்த பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படகில் ஏறினார்.

பாதி நாள் ஒழுங்காகப் போயிற்று. பார்வையாளர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், மலாய்க்காரர். படகின் முனையில் உட்கார்ந்து என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கு கண்ணுக்குத் தெரிந்த சமயத்தில் ஜெல்லி மீன் ஒன்று என் முகத்தை உரசிப் போனது. நெருப்பை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. வலியில் எனக்குத் திசை தெரியவில்லை. படகை ஒட்டி வந்துவிட்டேன். கோச் கம்பை எடுக்கத் திரும்பினார். அதற்குள் என் கண்கள் இருண்டன. ஈரமில்லாத, சூடான உள்ளங்கை. நெற்றியில் மூன்று விரல்கள். பிறகு மெல்ல ஒரு ஊதல்.

அம்மா காலையிலிருந்து கையை அவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருந்தவர். நான் வாந்தி எடுத்தபோதுகூட வாயைத் துடைக்கக் கை நீட்டவில்லை. ஆனால் விபூதி பூசுவதைத் தொடுவது என்று யார் நினைப்பார்கள்? எங்கள் தெருவில் யாரும் நினைக்க மாட்டார்கள்.

பார்வையாளர் கோச்சைப் பார்த்தார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். கோச் ஓரமாக வந்து, அம்மாவுக்குப் புரியாமல் இருக்க ஆங்கிலத்தில் சொன்னார்: முடிந்துவிட்டது, இனி நீந்தினாலும் பிரயோஜனமில்லை, ஏறிவிடு. அம்மா பொட்டலத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிய நிம்மதி.

நான் ஏறவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். பாசம் என்று சொன்னால் பொய். கோபம்தான். அப்படி ஒரு கோபத்தில் நான் அதற்குப் பிறகு நீந்தியதே இல்லை. நல்ல வேகம் வந்தது. பார்வையாளர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. சாயங்காலம் கரையேறியபோது அம்மா புடவையோடு தண்ணீரில் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "முருகன் கொண்டாந்து சேத்துட்டான்" என்றார்.

அந்த வருஷ அழைப்பு வேறு ஒருவருக்குப் போனது. கடிதம் தாமதமாகிறது என்று வீட்டில் சொல்லி வைத்தேன். அடுத்த வருஷம் அதே கடலில் மறுபடி நீந்தினேன். அம்மாவைத் தவிர்க்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே, "நான் வரலடி, முட்டி வலி" என்றார். அப்பாடா என்று இருந்தது. அந்த நீச்சல் செல்லுபடியாயிற்று, அழைப்பும் வந்தது.

சுபாங் விமான நிலையத்தில் வழியனுப்ப அம்மா வந்திருந்தார். உள்ளே போகும் நேரத்தில் பொட்டலத்தைப் பிரித்துத் தன் உள்ளங்கையில் கொட்டி, கையைத் தள்ளியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீயே எடுத்துப் பூசிக்கோ."

"ஏம்மா, நீ பூசேன்."

"வேணாம்டி. நான் தொட்டுத்தானே அன்னைக்குக் கெட்டுப் போச்சு."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? நான் பூசின பெறகு அந்த அங்கிள் உன்னப் பாக்கவே இல்ல. தொப்பியப் போட்டுட்டுத் தூங்கிட்டாரு. எனக்கு அவ்வளவுகூடத் தெரியாதா? நீ பாட்டுக்கு நீந்திட்டே இருந்த. நான் எதச் சொல்றது?"

முட்டி வலி எதற்காக வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷமாக நான் அம்மாவிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இங்க தொடலாம்மா. தண்ணியில மட்டுந்தான் கூடாது."

அவர் என்னை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லைதான். பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற கோச்சின் பக்கம் திரும்பி, உள்ளங்கை விபூதியைக் காட்டி, தொடலாமா என்று மலாயில் அனுமதி கேட்டார்.

"போலே?"

கோச் அந்தக் கையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "போலே, ஆன்டி. போலே."

அம்மா கிட்டே வந்து இடது கையால் என் கண்களை மறைத்துக்கொண்டார். அந்தக் கை அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று.