ஏ லைன் நிக்குது

செல்லக்கண்ணு அண்ணனை யாராவது என் காதுபடக் கவனமில்லாத ஆள் என்று சொன்னால், என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் பிறந்து வளர்ந்தவர். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர பட்டனை அழுத்தினால் எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு வரும். அந்த அழைப்புகளைக் கொண்டுவரும் சர்வருக்கும் நெட்வொர்க்குக்கும் அவர்தான் பொறுப்பு. பழுதானாலும் ஓடியாக வேண்டிய சர்வர், அதனால் எல்லாமே இரட்டை. ஏ லைன் போனால் பி லைன் தாங்கும்.

பிடோக்கில் தனியாக இருந்த பாப்பம்மாள் தினமும் காலையில் சும்மாவே ஒருமுறை அழுத்துவார். "தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கோம்லா. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்பார் அண்ணன். எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு வந்ததே இல்லை.

அன்று பி லைனின் கார்டை மாற்ற அண்ணன் டேட்டா சென்டருக்குப் போயிருந்தார். ஏ ஓடுகிறதா என்று திரையில் பார்த்துச் சொல்ல வேண்டியவன் ஸ்ரீராம். திருச்சியிலிருந்து புதிதாக வந்தவன், எனக்குப் பக்கத்து மேசை.

"ஏ எப்படிடா?" என்று போனில் கேட்டார் அண்ணன்.

"ஏ நிக்குதுண்ணே."

"சரி, கழட்டுறேன்."

லைன் ஓடினால் நாங்கள் 'நிக்குது' என்போம், போய்விட்டால் 'விழுந்துடுச்சு'. ஸ்ரீராமுக்கு 'நிக்குது' என்றால் பஸ் நிற்பதுபோல நின்றுபோனது. பழுதான ஏ-யைத்தான் கழற்றப் போகிறார் என்று நினைத்தான். அண்ணன் பி-யைக் கழற்றினார். ஏ ஏற்கெனவே விழுந்திருந்ததால் இரண்டும் போய், எந்த அழைப்பும் எங்களுக்கு வரவில்லை. எந்த நாட்டு மெஷினும் ஒன்றோடொன்று பேசப் பொது விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு தமிழர்கள் போனில் பேச ஒரு மண்ணும் இல்லை.

லைன் திரும்பியதும் தேங்கியிருந்த குரல் பதிவுகள் வந்து விழுந்தன. "தம்பி, இருக்கீங்களா?" மறுபடியும் அதே குரல், இன்னும் மெதுவாக. வழக்கமான காலை அழைப்பைப் பாப்பம்மாள் அன்று முன்பே முடித்திருந்தார். ஆம்புலன்ஸ் போனபோது குளியலறையில் விழுந்து கிடந்தார். உயிர் இல்லை.

விசாரணையில் அண்ணன் ஸ்ரீராமின் பெயரை எடுக்கவே இல்லை. தான் சரியாகக் கேட்கவில்லை என்று முடித்துக்கொண்டார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு வேலை போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் தேக்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"அப்படிக் கேக்காத முனீரா. வேற ஏதாவது கேளு."