வாசனை இல்லாத கறுப்பு

கடைக்கு வந்து "ஒரு கறுப்பு பெயிண்ட் குடுங்க" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் கறுப்பு? இரும்புக் கேட்டுக்கு அடிக்கிறதா, சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் கறுப்பா, வகுப்பறைப் பலகைக்கா? கேட்டால், "கறுப்புன்னா கறுப்புதானே" என்று என்னையே மடக்குவார்கள். பெயிண்ட் கடைக்காரனிடம் சொல்கிற பேச்சா அது? இதனாலேயே வாய் நீளமானவன் என்று எனக்குத் தெருவில் ஒரு பெயர்.

எனக்கு எரிச்சல் மூட்டாமல் கறுப்பு வாங்கிய ஒரே மனிதர் லிஃப்ட்காரர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கூண்டுக்கு மேலே ஏறி நின்று, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கம்பிவடத்துக்கும் ரோலருக்கும் கிரீஸ் போடுகிற வேலை. கிரீஸ் அவர் நகக்கண்ணில் நிரந்தரமாகக் குடியிருந்தது. வீட்டுக்குப் போனால் பிளாஸ்டிக் மாடல் செய்வார். கப்பல், விமானம், ரயில் எஞ்சின் எல்லாம் சுருங்கி, துண்டு துண்டாக ஒரு பெட்டியில் வரும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நிஜம் போல ஆக்க வேண்டும். பிள்ளை விளையாட்டு என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். "பிள்ளைங்களுக்கு இவ்வளவு பொறுமை ஏது தம்பி" என்றார்.

பிளாஸ்டிக் வழுவழுப்பானது. அதன் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் நகம் பட்டாலே உரிந்து வந்துவிடும். அதனால் முதலில் பிரைமர் என்று ஓர் அடிப்பூச்சு அடிப்பார்கள். வெள்ளையில் உண்டு, சாம்பலில் உண்டு, கறுப்பிலும் உண்டு. இவர் எப்போதும் கறுப்புதான் கேட்பார். அந்தச் சமயம் ஒரு பழைய நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார்.

"எஞ்சினே கறுப்பு. அதுக்கு அடியிலயும் கறுப்பா? யாருக்கு சார் தெரியப் போகுது?" என்று வாயைக் கிளறினேன்.

"தெரியாம இருக்கத்தான் தம்பி. சக்கரத்துக்குப் பின்னாடி, குழாய்க்கு அடியில, பெயிண்ட் போகாத இடுக்கு இருக்கும். அங்க பிளாஸ்டிக் எட்டிப் பாத்தா பொம்மைன்னு காட்டிக் குடுத்துடும். கறுப்பு இருந்தா நிழல்னு நெனச்சுப்பாங்க."

இப்படி ஒரு காரணம் சொல்லிக் கறுப்பு வாங்கினால் எனக்கு ஏன் கோபம் வரப்போகிறது?

வழக்கமாக அவர் வாங்குவது ஸ்ப்ரே டின். பிளாஸ்டிக்கை நன்றாகக் கவ்விக்கொள்ளும், சீக்கிரம் காயும். ஆனால் நெடி மண்டைக்கு ஏறும். ஒருநாள் வந்தவர் அந்த டின் பக்கமே திரும்பாமல், "வாசனை இல்லாத கறுப்பு பிரைமர் இருக்கா?" என்றார்.

"மீன் கடையில போய் நாத்தம் இல்லாத மீன் கேப்பீங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரி வரா" என்றார்.

அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறிப் போனவர். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பேத்தி இப்போது ஓடி விளையாடுகிறாள். சண்டையா என்றால் அதுவும் இல்லை. தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். "சாப்டீங்களா?" என்று அந்த அம்மா கேட்பார், "ஆச்சு" என்று இவர் சொல்வார், அதற்குள் குழந்தை எதையாவது கொட்டிவிடும், போனை வைத்துவிடுவார்கள். இவரும் ஒருமுறை அங்கே போய்வந்தார். சின்ன வீடு. மாப்பிள்ளையும் இவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டே களைத்துப்போனார்களாம்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், இவர் கூடத்தில் ஸ்ப்ரே அடித்ததைப் பார்த்து, "இந்த வாசனையில மனுஷி குடியிருக்க முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். அன்றைக்கே மேஜையைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்தான். மனைவி ஊரில் இல்லாதபோதும் மேஜை உள்ளே வரவில்லை. சாரல் அடித்தால் ஒரு குடையை விரித்துக் கைப்பிடிச் சுவரில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர் மாடியில் என் சகலை குடியிருக்கிறான், அவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"வீட்டுல யாரு இருக்காங்கன்னு வெளிய உக்காந்து நனையறீங்க?" என்று கேட்டேன்.

"திரைச்சீலையில வாசனை ஏறிடும் தம்பி. அவ வந்தா உடனே கண்டுபிடிச்சுடுவா. அந்த வாசனைதான் அவளைக் கிளப்பி விட்டுச்சுன்னு எனக்குத் தோணிட்டே இருக்கு. அது போயிட்டா இந்தத் தடவை இங்கயே இருந்துடுவா."

அவர் தனியாக இருந்தார். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், அதையே கழுவிக் கழுவிச் சாப்பிடுவதாகச் சொன்னார். வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும் கடைக்கு வந்து, டின்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்துக்கொண்டு நிற்பார். வேறு யாராவது அப்படி நின்றால் எதையாவது சொல்லிக் கிளப்பிவிடுவேன். இவரை மட்டும் கிளப்ப எனக்கு வாய் வராது.

மொத்த வியாபாரியிடம் சொல்லி, தண்ணீரில் கரைகிற, நெடி இல்லாத கறுப்பு பிரைமர் ஒரு குப்பி வரவழைத்துக் கொடுத்தேன். சில நாள் கழித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பிடிக்கல தம்பி."

"பிடிக்கலன்னு திறந்த குப்பியைத் திருப்பிக் குடுத்தா நான் எங்க சார் போவேன்? கேட்டுத்தானே வாங்கினீங்க?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. பிளாஸ்டிக்குலதான் பிடிக்கல."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். எஞ்சினின் பக்கத் தகடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பிடித்திருக்கிறதா என்று டேப் ஒட்டி எடுத்த இடத்தில் கறுப்பு தோல் தோலாக உரிந்து வந்திருந்தது. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உரிந்த இடமெல்லாம் விரல் ரேகை வடிவத்தில் இருந்தது. ஸ்ப்ரே டின்னின் காரம் எந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தின்றுவிட்டு ஒட்டிக்கொள்ளும். இது சாது. பிசுக்கு இருந்தால் விலகி நிற்கும்.

"பிரைமர் மேல குத்தம் இல்ல. உங்க கைதான் சார் வில்லன்" என்றேன்.

கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எங்க போய் மாத்துறது?" என்றார்.

பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவுங்கள், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெல்லிசாகப் பூசுங்கள், நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள் என்று பாடம் எடுத்தேன். அடுத்த முறையும் உரிந்தது. சோப்பில் கழுவியவர் பழக்க தோஷத்தில் வேலைக்குக் கொண்டுபோகிற துண்டால் துடைத்திருக்கிறார். கிரீஸ் துண்டு. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் கண்ணில் பயம் இருந்தது, அதனால் இரண்டையும் செய்யவில்லை.

மனைவி வருவதற்கு முந்தின வாரம், புதுத் துணியில் சுற்றி எஞ்சினைக் கொண்டுவந்தார். என் கண் முன்னால் டேப்பை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, வெடுக்கென்று இழுத்தார். கறுப்பு அசையவில்லை.

"முகர்ந்து பாருங்க" என்றார்.

நடுக்கடையில் ஒரு பொம்மை எஞ்சினை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் திரைச்சீலைகளைத் துவைத்திருக்கிறார், மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறார், பழைய டின்களையெல்லாம் வெளியே எறிந்திருக்கிறார்.

அந்த அம்மா வந்து சில நாள் ஆன பிறகு இருவரும் கடைக்கு வந்தார்கள். நல்ல கலகலப்பான மனுஷி. அட்டைப்பெட்டி ஒட்டுகிற அகல டேப் கேட்டார். எதற்கென்று கேட்டேன். மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம்.

"என் தையல் மெஷின் தம்பி. கையில தூக்குற சின்ன மெஷின்தான். அங்க எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இவர் பட்ட பாடு அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை.

"வீட்டுல இப்ப வாசனையே இல்லையே அக்கா? சார் படாத பாடு பட்டாரு."

"என்ன வாசனை?"

"பெயிண்ட் வாசனை. உங்களுக்கு ஆகாதுன்னு சொன்னீங்களாமே."

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "நான் எப்பங்க சொன்னேன்?"

"குடிவந்த புதுசுல" என்றார் லிஃப்ட்காரர், மெதுவாக.

"அப்பவா? வாய்க்கு வந்ததை ஏதாவது சொல்லியிருப்பேன். அதெல்லாம் எப்பவோ பழகிப்போச்சே." உண்மையான பிரியத்தோடு அவர் தோளைத் தட்டினார். "இதுக்கா இத்தனை வருஷம் பால்கனியில உக்காந்திருந்தீங்க? உள்ள வந்து பண்ணியிருக்கலாமே. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

லிஃப்ட்காரரும் சிரிக்கப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப இங்கயே இருந்துடலாமே அக்கா" என்றேன், விளையாட்டாகச் சொல்கிற மாதிரி.

"அங்க பிடிச்சுப்போச்சு தம்பி. பேத்தி என்னை விட்டு நகர மாட்டேங்கறா. கீழ வாக்கிங் போக நாலு பேரு சேந்திருக்கோம். இங்க வந்தா பொழுதே போகல." அந்த அம்மா பொய் சொல்லவில்லை, யாரையும் குத்திக்காட்டவும் இல்லை. டேப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போகலாமா என்று கணவரைக் கேட்டார். இவரும் பின்னாலேயே போனார். எனக்கு என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

மறுபடி அவர் வந்தது ஒரு மத்தியான வேளையில், வேலைச் சட்டையோடு. எஞ்சினைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"அக்கா கிளம்பியாச்சா?"

"ஏத்தி விட்டுட்டு வந்தேன்."

கைக்கு எட்டிய ஒரு டின்னை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "வாசனைதான் காரணம்னு நெனச்சப்ப ஒரு தைரியம் இருந்துச்சு தம்பி. வாசனைன்னா உங்க கடையில அதுக்கு வழி இருந்துச்சு" என்றார்.

 சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"திரும்ப எப்ப வராங்களாம்?"

"கேக்கல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா சொல்லிடுவா தம்பி."